ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களுக்கு இரண்டு நாடா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களின் குடியுரிமை, விசா, வெளியேறும் அனுமதி பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஊர் பெயரை மட்டும் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

வணக்கம் அக்கா. அப்பாவும் அம்மாவும் 1985-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். நான் 1986 செப்டம்பரில் மண்டபம் முகாமில் பிறந்தேன். தம்பி 1989-ல் ராமநாதபுரத்தில் பிறந்தான். எனக்கு இந்தியக் குடியுரிமை உண்டு, தம்பிக்கு இல்லை என்று ஒருவர் சொல்கிறார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு எப்படி இரண்டு நாடு?
– வாசகி, திருச்சி

அவர் சொன்னது சரிதான் தங்கச்சி. எழுதும்போதே மனசு கஷ்டப்படுகிறது, ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

1955-ஆம் வருடக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன்தான். தூதரகக் குடும்பங்கள் மாதிரி ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, அப்பா அம்மா எந்த நாட்டுக்காரர், எப்படி வந்தார்கள் என்ற கேள்வியே அந்தப் பிரிவில் இல்லை. அசாம் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1986-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி 1987 ஜூலை 1 முதல் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு திருத்தம், 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறை: பெற்றோர் இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' (பயண ஆவணம் இல்லாமல் வந்தவர், அல்லது விசா முடிந்தும் தங்கியவர்) இல்லை என்றால்தான் குழந்தை இந்தியர். நீங்கள் முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிட்டீர்கள், தம்பி அந்தப் பக்கம்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. உங்களைப் போலவே 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-ல் அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது, இந்தியப் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. 2024 ஏப்ரலில் திருச்சி தொகுதியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். அந்த மையிட்ட விரல் படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு நான் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது குடியுரிமை கேட்டு மனுப் போடுவது இல்லை, இதை நன்றாக மனதில் வையுங்கள். நீங்கள் பிறந்தபோதே குடிமகள். அதனால் நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். எல்லாம் பிறப்புச் சான்றிதழை நம்பித்தான் இருக்கிறது. முகாமில் பிறந்தவர்களின் பழைய சான்றிதழ்கள் சிலவற்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், 'பெண்' என்று மட்டும் இருக்கும். அப்பா பெயர் முகாம் பதிவில் 'செல்வராசா', ஆஸ்பத்திரிப் பதிவில் 'செல்வராஜ்'. யாழ்ப்பாணத்து ராசாவைத் தமிழ்நாட்டுக் குமாஸ்தா தனக்குப் பழகிய மாதிரி எழுதிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் முப்பத்தைந்து வருடம் கழித்து அந்த ஒரு எழுத்து பாஸ்போர்ட்டை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும். விண்ணப்பிக்கும் முன்பே இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்பே பதிவாகவில்லை என்றால், தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, அந்த வருட முகாம் பதிவேட்டு நகல், எது கிடைத்தாலும் சேர்த்துக் கொடுங்கள்.

போலீஸ் விசாரணையில் 'அகதி' என்று எழுதி, விண்ணப்பம் நின்றுபோக வாய்ப்பு உண்டு. அப்போது வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வராதீர்கள். நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம்தான் நாளைக்கு உயர் நீதிமன்றத்தில் நீங்கள் போடும் ரிட் மனுவின் முதல் ஆவணம்.

தம்பிக்கு இன்றைக்கு இந்த வழி இல்லை. அடுத்தடுத்த பதில்களையும் அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் இந்துக்கள், 1990-ல் வந்தோம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஐந்து வருடம் இருந்தாலே போதும் என்கிறார்களே, அதில் நாங்கள் விண்ணப்பிக்க முடியாதா?
– வாசகர், பவானிசாகர்

முடியாது ஐயா. 2019-ல் வந்த அந்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு மட்டும். விதிகள் 2024 மார்ச்சில் வெளிவந்தபோதும் இலங்கை சேர்க்கப்படவில்லை. 83 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் வீடு எரிந்து ஓடிவந்தவர்களை ஏன் விட்டார்கள் என்பதற்கு, நான் படித்த எந்த விளக்கமும் எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்தியா 1951-ஆம் வருட அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, நமக்கென்று தனி அகதிகள் சட்டமும் இல்லை. அதனால் ஒரு நாட்டு அகதிக்கு ஒரு வழி, இன்னொரு நாட்டு அகதிக்கு இன்னொரு வழி என்று அரசு நினைத்தபடி செய்ய முடிகிறது. ஆன்லைனில் இந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

2025-ல் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டதே, இனி எங்களைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்ல முடியாதா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பாதிப் பதில் ஆமாம், பாதி இல்லை. 1946-ஆம் வருட வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த விலக்கு உத்தரவில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை கிடையாது என்றார்கள். வழக்கு வரும், பிடித்துப் போவார்கள் என்ற பயம் குறைந்தது, அது பெரிய விஷயம். ஆனால் அந்த உத்தரவு யாருக்கும் குடியுரிமை தரவில்லை. குடியுரிமைச் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லுக்கு இருக்கும் விளக்கம் அப்படியேதான் இருக்கிறது: பயண ஆவணம் இல்லாமல் வந்தவர், அல்லது விசா முடிந்தும் தங்கியவர். அந்த விளக்கத்துக்குள் இருப்பவர் பதிவு மூலமோ, பன்னிரண்டு வருடம் தங்கியதைக் காட்டியோ குடியுரிமை கேட்க முடியாது. நாற்பது வருடம் இருந்தவரும் நேற்று வந்தவரும் அந்தப் பிரிவுக்கு ஒன்றுதான். இரவோடு இரவாக மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை குழந்தையைத் தோளில் போட்டு நின்றவளிடம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்பது எந்த விதத்தில் நியாயம்? இதை நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும்.

2022-ல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி பக்கத்து அரிச்சல்முனைக்கு வந்தவர்கள் இந்த உத்தரவுக்குள் வரமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தாத்தா நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தார், வருவதற்குள் கலவரம், படகில் வந்துவிட்டோம். எங்களுக்கும் மற்ற அகதிகளுக்கும் ஒரே சட்டம்தானா?
– வாசகர், புதுக்கோட்டை

உங்கள் கதை வேறு தம்பி. உங்கள் வீட்டில் இருக்கும் பழைய பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், மலையகத்தில், அதாவது இலங்கையின் மலைத் தோட்டப் பகுதியில், நாடற்றவர்களாக நின்ற சுமார் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வாங்கி, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரம் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்கள் அன்றே இந்தியர்கள். அதே தோட்டத்தில், அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்), பக்கத்து அறையில் இருந்து விண்ணப்பமும் கொடுத்து, 83 கலவரத்தில் படகேறியவர் 'அகதி'. 84-ல் கப்பலும் நின்றுபோனது.

இவர்களுடைய பெரியவர்கள் தோட்டத்துக்குப் போனதும் மண்டபம் வழியாகத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய் பார்த்து அனுப்ப அங்கேதான் முகாம் வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கியதும் அதே மண்டபத்தில்.

2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், உங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், இவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அதனால் உங்கள் கைக்கு முதலில் வர வேண்டியது, தாத்தா விண்ணப்பித்ததற்கான அத்தாட்சி. ஒப்புகைச் சீட்டு, கண்டியிலிருந்து வந்த கடித உறை, தோட்டத்துச் சம்பளத் துண்டு, எதுவும் குப்பை இல்லை. தமிழ்நாட்டில் பூர்விக ஊர் எது என்று தெரிந்தால், அங்கே பழைய நிலப் பதிவிலோ கோயில் வரிப் புத்தகத்திலோ கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தாளை லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், பழைய மை அதில் உரிந்துவிடும். ஜெராக்ஸ் நான்கு எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள். எல்லாவற்றையும் கோத்து, கலெக்டர் வழியாக உள்துறை அமைச்சகத்துக்கு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கிவிடுங்கள்.

கணவர் இந்தியர், நான் முகாமில் பதிவானவள். 2009-ல் திருமணம், 2011-ல் மகன் பிறந்தான். ஏழு வருடம் முடிந்தால் எனக்குக் குடியுரிமை உண்டு என்று சொன்னதை நம்பினேன். மகனாவது இந்தியன்தானே?
– வாசகி, மதுரை

ஏழு வருட விதி உண்மைதான் அம்மா. இந்தியரைத் திருமணம் செய்து ஏழு வருடம் இங்கே வாழ்ந்தவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம். ஆனால் மேலே சொன்ன அதே சொல் குறுக்கே வரும். 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் அந்தப் பிரிவும் மூடிவிடும். நீங்கள் விசாவோடு விமானத்தில் வந்து, காலாவதியாகும் முன்பே நீட்டிப்பு வாங்கியிருந்தால் நிலைமை வேறு, உடனே மனுப் போடுங்கள்.

மகன் விஷயம் இன்னும் வருத்தமானது. 2004-க்குப் பிறகு பிறந்ததால், அப்பா இந்தியராக இருந்தாலும் அம்மாவின் நிலையைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்திலோ ரேஷன் கடையிலோ யாரும் இதைக் கேட்கப் போவதில்லை, பாஸ்போர்ட்டுக்குப் போகும் நாளில்தான் தெரியவரும். அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இலவச சட்ட உதவி ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் உண்டு, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

ஒருவர் இருபதாயிரம் கேட்கிறார், வாக்காளர் அட்டை வாங்கித் தருகிறாராம். ஆதார்தான் இருக்கிறதே, அதைக் காட்டினால் போதுமாம். வாங்கலாமா?
– வாசகர், கரூர்

வாங்கவே வாங்காதீர்கள். ஆதார் இங்கே வசிப்பதற்கான அடையாளம், குடியுரிமைச் சான்று இல்லை, அதனால்தான் முகாமில் எல்லோருக்கும் கிடைக்கிறது. வாக்காளர் படிவத்தில் 'நான் இந்தியக் குடிமகன்' என்று கையெழுத்துப் போட வேண்டும், பொய்யானால் குற்றம். காசு வாங்கியவர் போய்விடுவார், வழக்கு உங்கள் பெயரில் நிற்கும். நாளைக்குச் சட்டம் மாறி நல்லது நடக்கும்போது அந்த ஒரு வழக்கைக் காட்டியே உங்கள் மனுவை ஒதுக்கிவிடுவார்கள்.

மகளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை. அவள் இங்கே முகாமில் பிறந்தவள், எந்தப் பாஸ்போர்ட்டும் இல்லை. எப்படி அனுப்புவது?
– வாசகி, ராமநாதபுரம்

நேர்வழி நீளம்தான், ஆனால் வழி இருக்கிறது. முதலில் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் மகளின் பிறப்பைப் பதிந்து, இலங்கைக் குடியுரிமைச் சான்று வாங்க வேண்டும். அதற்கு உங்கள் இருவரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் கேட்பார்கள். ஊரில் சொந்தக்காரர் இருந்தால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நகல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதியாததற்குத் தாமதக் கட்டணம் இருக்கும். அப்புறம் இலங்கைப் பாஸ்போர்ட், அதில் கனடா விசா. திருமணம் முடிந்து பதிவான பிறகுதான் மாப்பிள்ளை அங்கே மனைவிக்கான ஸ்பான்சர் மனுவைப் போட முடியும், அதனால் திருமணப் பதிவை முதலில் முடித்துவையுங்கள்.

விசா வந்தாலும் நேராக விமான நிலையத்துக்குப் போக முடியாது. அவள் எந்த விசாவிலும் இந்தியாவுக்குள் நுழைந்தவள் இல்லை, அதனால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் (எஃப்.ஆர்.ஆர்.ஓ.) வெளியேறும் அனுமதி வேண்டும். ஆன்லைனில்தான் விண்ணப்பம். கலெக்டர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் பிரிவான கியூ பிராஞ்சின் விசாரணை இரண்டும் நடக்கும். தங்கிய காலத்துக்குத் தண்டத் தொகை என்று திரையில் வந்தால் பதறாதீர்கள், பதிவு பெற்ற அகதி என்று காட்டித் தள்ளுபடிக்கு மனுக் கொடுங்கள். அதுவரை முகாம் பதிவிலிருந்து பெயரை நீக்கச் சொல்லாதீர்கள், மாதாந்திரப் பணக்கொடை போகும் என்பதைவிட, அந்தப் பதிவுதான் அவள் இங்கே அரசுக்குத் தெரிந்தே இருந்தாள் என்பதற்குச் சாட்சி. இடையில் யாராவது கள்ளப் பாஸ்போர்ட்டில் மூன்று வாரத்தில் அனுப்புகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். டிக்கெட்டை வெளியேறும் அனுமதி கைக்கு வந்த பிறகே எடுங்கள், அந்த அனுமதிக்கும் நாள் கணக்கு உண்டு.