வி-கிராஸுக்கு முதல்ல புல் பாரா, அடித்தகடா?

எண்ணூர்ல ஓடுற இசுஸு வி-கிராஸ் பிக்கப்புக்கு, முன்னாடி பம்பர்ல மாட்டுற இரும்புக் கம்பியான புல் பாரா, வண்டியோட அடிப்பக்கத்தைக் காக்குற அடித்தகடா, எது முதல்லன்னு கேட்டிருக்கீங்க. புல் பாரை விடுங்க சார். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு தடை சொல்லிடுச்சு. ஏர்பேக் சென்சாரையும் குழப்பும்.

இன்ஜின் சம்ப்புக்கு, அதாவது அடியில இருக்குற ஆயில் தொட்டிக்கு, 3 மி.மீ. ஸ்டீல் அடித்தகடு போடுங்க. ஆயில் வடிக்கிற போல்ட்டுக்கு நேரா ஓட்டை இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா ஒவ்வொரு சர்வீஸுக்கும் முழுசா கழட்டணும். உங்க பக்கத்து உப்புக்காத்துக்கு வெறும் பவுடர் கோட்டிங் தாங்காது. கல் பட்டு ஒரு இடத்துல உரிஞ்சா போதும், உள்ளுக்குள்ளயே துரு பரவும். கால்வனைஸ் பண்ணி அதுமேல பெயின்ட் அடிக்கச் சொல்லுங்க.

கதவுக்குக் கீழே பக்கவாட்டுல வர்ற இரும்புக் குழாயான ராக் ஸ்லைடர் வாங்கினா, வண்டியோட அடிச்சட்டமான சேஸிஸ்ல மாட்டுறதா வாங்குங்க. பாடியில மாட்டினது கல்லுல உட்கார்ந்தா கதவுக்குக் கீழே நசுங்கும். கடற்கரை மணல் மட்டும்தான்னா அதுவும் இப்ப வேண்டாம். டயர் காத்தை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி ஓட்டிட்டு, ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்க ஒரு கம்ப்ரஸர் வாங்கிடுங்க.