கள்ள உறுதியைப் பார்த்ததும் சட்டத்தரணி பைலைத் திருப்பித் தந்துவிட்டார்

கேள்வி: நான் காரைதீவு. 1991இல் மாமா ஒரு வளவை நொத்தாரிசைக் கொண்டு என் பெயருக்கு உறுதி எழுதித் தந்தார். அந்த உறுதி சுனாமியில் வீட்டோடு போய்விட்டது. மாமாவும் இப்போது உயிரோடு இல்லை. காணி தனக்குத்தான் என்று மச்சாள் வழக்கு வைத்திருக்கிறார். வேறு வழி தெரியாமல், அதே மாதிரி ஓர் உறுதியைப் பழைய தாளில் அடிப்பித்து மாமாவின் கையெழுத்தை நானே போட்டேன். சட்டத்தரணி துருவிக் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். உடனே பைலைத் திருப்பித் தந்துவிட்டார். நான் சொன்னதை அவர் வெளியே சொல்வாரா? வேறு சட்டத்தரணியிடம் ஒன்றும் சொல்லாமல் இந்த உறுதியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அந்தச் சட்டத்தரணி மீது உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்தில் தெரிகிறது. ஆனால் அவர் உங்களைக் கைவிடவில்லை, ஒரு பெரிய குழியிலிருந்து இழுத்து எடுத்திருக்கிறார்.

கட்சிக்காரர் சொன்னதைக் காப்பது எங்கள் தொழிலின் உயிர். 1973இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ரொபேர்ட் கரோ என்பவன் ஒரு கொலைக்காகப் பிடிபட்டான். வேறு இரண்டு பெண்களையும் கொன்றதாகத் தன் சட்டத்தரணிகளான பிராங்க் ஆர்மனியிடமும் பிரான்சிஸ் பெல்ஜிடமும் சொன்னான். அவர்கள் தேடிப்போய் உடல்களைக் கண்டார்கள், படமும் எடுத்தார்கள். ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. காணாமல் போன மகளைப் பற்றிக் கேட்டு ஒரு தகப்பன் ஆர்மனியிடம் வந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆர்மனி வாயைத் திறக்காமல் இருந்தார். அடுத்த வருடம் விசாரணையில் கரோவே சொன்ன பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரியவந்தது. ஊர் கொதித்தது. பெல்ஜ் மீது குற்றச்சாட்டுக்கூட வந்தது, பிறகு அது தள்ளுபடியானது. அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது. ஆனாலும் அந்த இருவரும் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அவ்வளவு தூரம் காப்பவர்கள் உங்கள் உறுதிக்கு மட்டும் ஏன் பின்வாங்க வேண்டும்? கரோ சொன்னது நடந்து முடிந்த குற்றம். நீங்கள் கேட்டது இனிமேல் நடக்க வேண்டியது. எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இதற்கென்றே எழுதியதுபோல இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ‘நான் கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்’ என்று சொன்னால் அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு. ‘இந்தக் கள்ள உறுதியை வைத்துக் காணியை எடுத்துத் தாருங்கள்’ என்று கேட்டால் பாதுகாப்பு இல்லை. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் வரம்பின்மேல் நிற்கிறீர்கள். அந்தத் தாள் நீதிமன்றத்துக்குள் போனால் வரம்பு உடைந்துவிடும். தெரிந்துகொண்டே அதைப் பாரப்படுத்தினால் சட்டத்தரணிக்கும் தொழில் போகும். மோசடிக்காக ஒரு சட்டத்தரணியின் பெயரை நீக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது.

ஆகவே, அவர் மச்சாளிடம் போய்ச் சொல்வார் என்று பயப்பட வேண்டாம். சத்தமில்லாமல் விலகிக்கொள்வதுதான் முறை, அதைத்தான் அவர் செய்திருக்கிறார். கட்டிய பணத்தில் செய்த வேலைக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மரியாதையாகக் கேளுங்கள்.

நான் ஜூனியராக இருந்த காலத்தில் மட்டக்களப்பில் ஒரு வழக்கு. 1985ஆம் ஆண்டுத் திகதி போட்ட உறுதி. தாள் மஞ்சளாக, மடிப்பெல்லாம் கிழிந்து, பார்த்தால் யாரும் நம்புவார்கள். காணியின் எல்லையைச் சொல்லும் இடத்தில் ‘பிரதேச செயலாளர் பிரிவு’ என்று இருந்தது. எதிர்த்தரப்பு சீனியர் அந்த இரண்டு சொல்லின்மேல் விரலை வைத்து, சாட்சியை வாசிக்கச் சொன்னார். பிரதேச செயலகம் வந்தது 1992இல். அதற்கு முன் உதவி அரசாங்க அதிபர் பிரிவுதான். அந்த மனிதருக்கு உண்மையிலேயே உரிமை இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நீதிபதி நம்பவில்லை.

சரி, உங்கள் காணிக்கு வருவோம். எனக்கு வேதனை என்னவென்றால், இந்தக் கள்ளத் தாள் உங்களுக்குத் தேவையே இல்லை. நொத்தாரிசு உறுதி எழுதினால் உங்கள் கையில் ஒன்று, அவரிடம் ஒன்று, காணிப் பதிவகத்துக்கு ஒன்று. கடல் கொண்டுபோனது உங்கள் கையில் இருந்ததை மட்டும்தான். கல்முனைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துத் தேடுங்கள். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் சுலபம். தெரியாவிட்டால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியை வைத்துத் தேடலாம். மூல உறுதி அழிந்துபோனால் சான்றுப்படுத்திய பிரதியைக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. சுனாமியில் வீடு போனதற்குக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிவு இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள்.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரும். நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். புதிய சட்டத்தரணியிடம், வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில், நடந்ததை முதல் நாளே முழுவதும் சொல்லுங்கள். சொல்லும்போது, ‘இதைப் பாவிக்க வேண்டாம், எனக்கு வழி சொல்லுங்கள்’ என்று தொடங்குங்கள். மச்சாளின் வழக்குக்கு நீதிமன்றத்தில் உங்கள் மறுமொழியைப் போடும் தவணைக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.