குறுவைக்கும் தாளடிக்கும் நடுவே மூன்று வாரம்

கேள்வி: மன்னார்குடி பக்கம் 3 ஏக்கர் நஞ்சை, போர்வெல் தண்ணீர் இருக்கிறது. முதல் போக நெல்லான குறுவை நன்றாக வருகிறது. அதை அறுத்து நடும் தாளடிதான் நட்ட மூன்றாவது வாரம் மஞ்சளடித்து நின்றுவிடுகிறது. யூரியா போட்டும் தேறவில்லை. கோடையிலும் நெல் போடலாமா?

பதில்: கோடை நெல்லைப் பிறகு பார்ப்போம். குறுவை அறுத்து எத்தனை நாளில் தாளடி நடுகிறீர்கள்? ஒரு வாரம் என்றால் கோளாறு அங்கேதான். மெஷின் அறுத்த வயலில் தாள், அதாவது கதிர் போன அடித்தண்டு, முழங்கால் உயரம் நிற்கும். அதைச் சேற்றில் மடக்கி உடனே நட்டால், தாளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும். மக்கும்போது உண்டாகும் அமிலம் இளம் வேரைத் தாக்கும். தாளடி என்ற பெயரே தாளில் நடுவதால் வந்ததுதான். ஆனால் அந்தக் காலத்தில் கதிர் அரிவாளால் ஒட்ட அறுத்தார்கள்.

மஞ்சளான இடத்தில் ஒரு குத்தைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், தண்ணீரை வடித்து மயிரிழை வெடிப்பு வரும்வரை காயவிடுங்கள். வேர் வெள்ளையாக இருந்து, இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, கீழிலையில் துருப்புள்ளி தெரிந்தால் துத்தநாகக் குறை. அதற்கு 0.5 சதவீத துத்தநாக சல்பேட்டோடு 1 சதவீத யூரியா கலந்து தெளியுங்கள். அடுத்த முறை நடுவதற்கு முன்பே ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவிவிடுங்கள். டிஏபி உரத்தோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

இனி நாள் கணக்கு. மேட்டூர் திறக்கும் ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் போர் உள்ள உங்களுக்கு இல்லை. ஆடுதுறை 43, கோ 51 போன்ற 110 நாள் ரகத்தை மே கடைசியில் நாற்றுவிட்டால் செப்டம்பர் நடுவில் அறுப்பு. அறுக்கும் வாரமே தாளடிக்கு, ஆடுதுறை 39 போன்ற 125 நாள் ரகத்தில், நாற்றங்கால் போட்டுவிடுங்கள். நாற்றுக்கு 25 நாள் ஆவதற்குள் தாளை மடக்கி உழுது மக்கவிட மூன்று வாரம் கிடைத்துவிடும். நடவு அக்டோபர் முதல் பத்து நாளுக்குள் முடியட்டும்.

சரி, கோடை நெல். நாள் கணக்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்பேன். ஒரு ஏக்கர் நெல்லுக்கு சுமார் 50 லட்சம் லிட்டர் தண்ணீர் போகும். பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதராகும். புகையானுக்கும் குருத்துப்பூச்சிக்கும் வருடம் முழுக்கச் சாப்பாடு போட்டதாகவும் ஆகும். பிலிப்பைன்ஸில், லாஸ் பான்யோஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனை வயலில் ஆண்டுக்கு மூன்று போகம் நெல்லே போட்டு வந்தார்கள். நல்ல பராமரிப்பு இருந்தும் மகசூல் இறங்கியது. போகத்துக்கு நடுவே வயலைக் காயவிட்டு, தழைச்சத்தைக் கூட்டிய பிறகுதான் மீண்டது.

தை மாத ஈரத்தில் உளுந்து போடுங்கள், ஆடுதுறை 3 தோதாக வரும். தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே விதை தெளிப்பதுதான் வழக்கம். ஆனால் மெஷின் இறங்கினால் முளைத்தது சக்கரத்தில் நசுங்கும், அதனால் நாளைப் பார்த்துத் தெளியுங்கள். பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை 2 சதவீத டிஏபி கரைசல் அடித்தால் காய் பிடிக்கும்.