ப்ளாண்ட் ஏலில் வெண்ணெய் வாசனை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறிய ப்ரூபப் ஒன்றில் அங்கேயே காய்ச்சிய ப்ளாண்ட் ஏல் என்ற வெளிர்நிற பியர் குடித்தேன். முதல் வாயில் ஒன்றுமே பிடிபடவில்லை. பாதி கிளாஸ் காலியானபிறகு உருகிய வெண்ணெயின் வாசனை எழுந்தது. உடன்வந்த நண்பர், “இந்த வகையே இப்படித்தான், ஐபிஏ வாங்கியிருக்கலாம்” என்றார், கசப்பு தூக்கலான பியர் வகையைச் சொல்லி. இதில் எதைத்தான் சுவைக்கவேண்டும்? அந்த வாசனை காய்ச்சியவரின் பிழையா, பியர் ஊற்றும் டேப்பின் பிழையா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் சொன்னது சரியல்ல. வெண்ணெய் வாசனை இந்த வகையின் இயல்பில் இல்லை. டயசெட்டில் என்ற பொருளின் வாசனை அது. ப்ளாண்ட் ஏலில் குறையாகவே கருதப்படும். பாதி கிளாஸுக்குப்பின் தெரிந்ததற்குக் காரணம் குளிர். 3, 4 டிகிரியில் ஊற்றிய பியரில் நல்ல வாசனையும் எழாது, கெட்ட வாசனையும் எழாது. முதல் வாயில் ஒன்றும் பிடிபடாமல் போனதும் அதனால்தான்.

ப்ளாண்ட் ஏலின் ஆல்கஹால் 3.8 முதல் 5.5 சதவீதம், கசப்பு 15 முதல் 28 ஐபியு (பியரின் கசப்பை அளக்கும் அலகு). வெளிர் மால்ட்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லிதான் அடிப்படை. நுரை நிற்பதற்காகக் கொஞ்சம் கோதுமை சேர்ப்பவர்களும் உண்டு. நீங்கள் தேடவேண்டியது தானியத்தின் மென்மையான ரொட்டி வாசனையை, நாக்கின் நுனியில் வந்து உடனே விலகும் இனிப்பை, ஈஸ்ட் தரும் லேசான பழவாசனையை, விழுங்கியபின் சிறிதுநேரமே நிற்கும் கசப்பை. இவ்வளவுதான். வறுத்த மால்ட்டோ, கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிப்போட்டதோ இதில் இல்லை, ஆகவே பிழையை மூடிமறைக்க எதுவும் கிடையாது. ஒரு ப்ரூபப்பின் கைத்திறனை அறிய நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

பல வகைகளை ருசிபார்ப்பதாக இருந்தால் இதில் தொடங்குங்கள். ஐபிஏவுக்குப் பிறகு குடித்தால் தண்ணீர்போலத்தான் இருக்கும். 100, 150 மில்லி போதும். உறையவைத்த கிளாஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது வாசனையை அடக்கும், நுரையையும் பொங்கவைக்கும். 7, 8 டிகிரிக்கு வரும்வரை பொறுங்கள். குடிப்பதற்கு முன் முகருங்கள்: கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி ஒருமுறை சுழற்றி, கையை எடுத்து இரண்டு மூன்று குட்டி மூச்சுகள். பிறகு ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்குங்கள். உடனே வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். டயசெட்டில் பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். நாக்கில் எண்ணெய் தடவியதுபோன்ற வழுவழுப்பும் சிலசமயம் இருக்கும். கடைசி இரண்டு வாயை மிச்சம் வைத்து, 12 டிகிரி அளவுக்குச் சூடேறியபின் மறுபடி முகர்ந்துபாருங்கள்.

கிளாஸையும் கவனியுங்கள். உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. நுரை சீக்கிரம் அமுங்கினாலும் முதலில் கிளாஸின் எண்ணெய்ப்பசையைத்தான் சந்தேகிக்கவேண்டும். ஆனால் வறுவல் தின்ற உதடும் நுரையைக் கொல்லும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி உங்கள் கேள்வி. டயசெட்டில் இரண்டு வழிகளில் வரும்.

முதல் வழி, நொதிக்கும் தொட்டி. ஈஸ்ட் வெளியேற்றும் ஒரு பொருள் பியரில் தானாகவே டயசெட்டிலாக மாறுகிறது. நொதித்தலின் முடிவில் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதற்குச் சூடும் அவகாசமும் வேண்டும். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று உடனே குளிரவைத்துவிட்டால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், வேலை பாதியில் நிற்கும். சிறிய இடங்களில் தொட்டிகள் குறைவு, எளிதாக விற்பதும் இந்த பியர்தான். அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். 20 டிகிரியை ஒட்டி இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். குளிரவைக்குமுன் ஓர் எளிய சோதனையும் இருக்கிறது. மாதிரியை இரண்டு மூடிய பாத்திரங்களில் எடுத்து, ஒன்றை மட்டும் 60 டிகிரியில் அரைமணிநேரம் வைத்து, ஆறியபின் இரண்டையும் முகரவேண்டும். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால்கூட, தொட்டி இன்னும் தயாராகவில்லை.

இரண்டாவது வழி, டேப்புக்கு வரும் குழாய். அங்கே குடியேறும் லாக்டிக் பாக்டீரியாக்களும் டயசெட்டில் உண்டாக்கும். அது பெரும்பாலும் தனியாக வராது, புளிப்பும் கூடவே வரும், சிலசமயம் கலங்கலும். குழாயைக் காரக் கரைசலால் 14 நாளுக்கு ஒருமுறையாவது கழுவவேண்டும், டேப்பின் மூக்கைக் கழற்றித் தேய்க்கவேண்டும். நீங்களே பிரித்தறியலாம். கடை திறந்ததும் ஊற்றும் முதல் கிளாஸ் இரவெல்லாம் குழாயில் கிடந்த பியர். அதில் வாசனை பலமாகவும், நாலைந்து கிளாஸ் ஓடியபின் குறைவாகவும் இருந்தால் குழாய்தான் குற்றவாளி. எல்லா கிளாஸிலும் ஒரே அளவு வெண்ணெய், புளிப்பு துளியும் இல்லை என்றால் அநேகமாகத் தொட்டி. நீங்கள் புளிப்பைக் குறிப்பிடவில்லை. என் ஊகம் தொட்டியின் பக்கம்தான்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால், பில்ஸ்னர் மால்ட் போட்டுவிட்டுப் போதுமான நேரம் திறந்து கொதிக்கவிடவில்லை, அல்லது கொதித்தபின் மெதுவாக ஆறவிட்டிருக்கிறார்கள். பச்சை ஆப்பிள் வாசனை பெரும்பாலும் இளம் பியருக்குரியது, அதுவும் அவசரத்தின் விளைவு. நனைந்த அட்டை வாசனை என்றால் ஆக்சிஜன் புகுந்து பழசாகிவிட்டது. வெயில்படும் மேஜையில் உட்காராதீர்கள். கிளாஸில் இருக்கும் பியர் சில நிமிடங்களிலேயே வெயிலில் நாற ஆரம்பிக்கும், அதற்குக் காய்ச்சியவரைக் குறைசொல்ல முடியாது.

அடுத்தமுறை அதே வாசனை வந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடாமல் காய்ச்சுபவரையே கூப்பிட்டு முகரச்சொல்லுங்கள். இந்தத் தொகுதி பியர் என்றைக்குக் குளிரவைக்கப்பட்டது, குழாய் கடைசியாக என்றைக்குக் கழுவப்பட்டது என்று கேளுங்கள். டயசெட்டிலை நுகரும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். காய்ச்சுபவரின் மூக்குக்கே அது எட்டாமல் இருக்கலாம். அப்படியானால் வேறொருவரைக் கொண்டு மேலே சொன்ன சூடாக்கும் சோதனையைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள்.