வீட்டுக்கு வந்த ஆப்பிரிக்கப் பெண்ணின் முடியைப் பாசத்தில் தொட்டுப் பார்த்தது தவறா?

கேள்வி கேட்டவர் ராமேஸ்வரம் பக்கத்துக்காரர். தம்பியோடு கல்லூரியில் படிக்கும் கென்யா நாட்டுப் பெண் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார். தலை நிறையப் பொடிப்பொடிப் பின்னல்கள். அத்தை ஆசையாகப் பிடித்துப் பார்த்திருக்கிறார், பின்னாலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும். அந்தப் பெண் சிரித்தபடி இருந்துவிட்டு, சற்று நேரத்தில் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாராம். தம்பிக்குக் கோபம். "பாசத்தில் தொட்டது எப்படி இனவெறி ஆகும்? கேட்டுவிட்டுத் தொட்டிருந்தால் சரியா?" என்று கேள்வி கேட்டவர் எனக்கு எழுதியிருக்கிறார்.

தவறுதான். தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அத்தை மனதில் வெறுப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் தொட்டவர் மனதில் என்ன இருந்தது என்பதை வைத்து மட்டும் இதை அளக்க முடியாது. அந்தத் துப்பட்டாவே பதில் சொல்லிவிட்டது.

நான் பாம்பனில் பிறந்தவள். இப்போது மண்டபம் பக்கம் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறேன். அடுத்தவர் தலையில் கை வைப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

யார் தலையை யார் தொடலாம் என்று நம் ஊரில் எழுதாத கணக்கு ஒன்று உண்டு. சாயங்காலம் வாசற்படியில் அப்பத்தா பேத்திக்குப் பேன் பார்ப்பார். மயினி நாத்தனாருக்குச் சடை பின்னிவிடுவார். பெரியவர்கள் சின்னவர்கள் தலையில் கை வைத்து வாழ்த்துவார்கள். சின்னவர்கள் பெரியவர் தலையைத் தொடுவதில்லை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் லாத்தாமார்கள் என் கடையில்கூட கதவு சாத்தி, திரை இழுத்த பிறகுதான் முக்காட்டை எடுப்பார்கள். ராமநாதபுரம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் சடை நம் மடியில் வந்து விழுந்தால் நாமே எடுத்துப் போடுவதில்லை. "அக்கா, சடை" என்று கூப்பிட்டுச் சொல்கிறோம். இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர்கள் நாம். கென்யாப் பெண் வாசலில் வந்து நின்றதும் அது எங்கே போனது?

மதுரையிலிருந்து முழங்கால் வரை கூந்தல் உள்ள பெண் வந்திருந்தால் அத்தை என்ன செய்திருப்பார்? "கண்ணு பட்டுரும் தாயி" என்று நெட்டி முறித்திருப்பார். ஒருவேளை தடவியும் பார்த்திருப்பார். ஆனால் தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு கையாக இழுத்துப் பார்க்க விட்டிருக்க மாட்டார். அங்கேதான் நிறம் உள்ளே வருகிறது. ஒருவரை விருந்தாளியாகப் பார்க்கிறோம், இன்னொருவரைக் காட்சியாகப் பார்க்கிறோம். வெறுப்பே இல்லாமலும் இது நடக்கும். அதனால்தான் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கறுப்பினப் பெண்களுக்கு இந்தக் காட்சிப்பொருள் அனுபவம் நேற்று வந்ததில்லை. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் என்ற பெண்ணை 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய்க் கட்டணம் வாங்கி வேடிக்கை காட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் அவரைக் கிள்ளியும் குடைக்கம்பால் குத்தியும் பார்த்ததாக அந்தக் காலத்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். 1815இல் பாரிஸில் இறந்தார். இறந்த பிறகும் அவர் உடலின் பாகங்களை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். எச்சங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பியது 2002இல். இன்று அமெரிக்காவில் இருக்கும், அன்று ஸ்பெயின் ஆண்ட லூசியானாவில் 1786இல், கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆளுநர் உத்தரவு போட்டார். தென்னாப்பிரிக்காவில் 1950இல் மக்களை இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் வந்தபோது, சந்தேகம் வந்தவர்களின் முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பதும் ஒரு சோதனையாக இருந்தது. பென்சில் கீழே விழாமல் நின்றால் வெள்ளையர் இல்லை. எந்தப் பள்ளி, எந்தத் தெரு, யாரைக் கட்டிக்கொள்ளலாம் எல்லாம் இனப் பதிவைப் பொறுத்தது. அந்தச் சட்டம் நீங்கியது 1991இல். அதைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இயற்கையான முடியையோ பின்னலையோ காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டதே 2019இல்தான்.

உங்கள் அத்தைக்கு இது எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்திருக்கக்கூடும். நம் நாட்டுக்குப் படிக்க வந்த பிறகு வேறு சிலவும் கேட்டிருப்பார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்தார்கள். அதற்குப் பிறகு இங்கே நாலு பேர் சூழ்ந்து நின்று கை நீட்டினால், அது பாசக் கையா வேறு கையா என்று அவர் எப்படிக் கணிப்பார்?

முடியைப் பற்றியும் தொழில்காரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "தொட்டால் என்ன தேய்ந்தா போகும்" என்று பலர் கேட்கிறார்கள். அப்படிச் சுருண்ட முடியின் வேர்ப்பையே வளைந்திருக்கும், இழை தட்டையாக இருக்கும். உச்சந்தலையில் ஊறும் எண்ணெய் நம் முடியில் இறங்குவதுபோல வளைவு வளைவாகத் தாண்டி நுனிக்கு இறங்காது. அதனால் சீக்கிரம் வறண்டுபோகும், ஒவ்வொரு வளைவிலும் ஒடியும். அதைக் காப்பாற்றத்தான் அந்தப் பொடிப் பின்னல்கள். வகிடு பிரித்து, ஒவ்வொரு கற்றையாக எடுத்து, பல சமயம் கூடுதல் முடி வைத்து வேரிலிருந்து பின்னி முடிக்க அரை நாள் ஆகும், சிலருக்கு ஒரு முழு நாளே போய்விடும். புதிதாகப் பின்னிய தலை இரண்டு மூன்று நாளைக்கு வலிக்கும். அப்போது ஒரு குழந்தை இழுத்தால்கூடக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மணலும் மீன் கவிச்சியும் எண்ணெயுமாகப் பத்துக் கைகள் தடவினால் பின்னல் பிசிறு தட்டும்.

கூடவே வருகிற இன்னொரு கேள்வி: "அது உண்மையான முடியா?" கல்யாணத்துக்கு நம் பெண்கள் சவுரி வைத்துச் சடை போட்டு, மேலே ஜடைநாகம் வைத்து நிற்கிறார்கள். மணமேடையில் போய் "எவ்வளவு சவுரி, எவ்வளவு சொந்தம்" என்று யாராவது கேட்கிறோமா? திருப்பதியிலும் பழனியிலும் நாம் மொட்டை போட்டுக் கொடுத்த முடிதான் ஏலம் போய், வெளிநாடுகளில் ஒட்டுமுடியாகவும் விக்காகவும் விற்பனையாகிறது. நாம் கொடுத்த முடியைப் பற்றி நாமே துருவிக் கேட்க வேண்டாம்.

என் கடைக்குத் தான்சானியாப் பெண் ஒருவர் புருவம் திரெட்டிங் செய்ய வந்தார். கூடப் படிக்கும் மதுரைப் பெண்ணோடு ராமேஸ்வரமும் தனுஷ்கோடியும் பார்க்க வந்தவர். பின்னல் ஒன்று நெற்றியில் விழுந்து கிடந்தது. திரெட்டிங் செய்ய அதை ஒதுக்கியாக வேண்டும். "ஒதுக்கிக்கலாமாம்மா?" என்று கேட்டேன். அவரே மொத்தத்தையும் பின்னால் அள்ளிக் கட்டிக்கொண்டார். வரிசையில் இருந்த ஒரு மாமி எழுந்து வந்து, "ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிறட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். அவரிடம் இல்லை, என்னிடம். தலைக்குச் சொந்தக்காரி அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது கடைக்காரியிடம் அனுமதி கேட்கிறார். "மாமி, அவங்களும் உங்களப் போல கஸ்டமர்தான், உக்காருங்க" என்றேன்.

பிறகு அந்தப் பெண் பேசினார். கோயில் வரிசையிலும் பஸ்ஸிலும் முகம் பார்த்துக் கேட்பவர்களைவிட, பின்னாலிருந்து இழுத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகமாம். திரும்பிப் பார்த்தால் சிரிப்பார்களாம். அவரும் சிரித்துவிடுவாராம், வேறு என்ன செய்வது. மாமிக்கு முகம் மாறிவிட்டது. தொடுவதை விட்டுவிட்டு, "யாரு பின்னி விட்டாங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண் கைபேசியை எடுத்துத் தன் அக்காவின் படத்தைக் காட்டினார். அக்கா பின்னுகிற விதம், பின்னும்போது வீட்டில் நடக்கும் பேச்சு எல்லாம் வந்தது. மாமி தன் கல்யாணச் சடைக் கதையைச் சொன்னார். கடையில் அன்று நல்ல பேச்சு. யாரும் யார் தலையையும் தொடவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கேட்டுவிட்டுத் தொட்டால் சரியா? பெரும்பாலான நேரம் கேட்கவே வேண்டாம் என்பேன். உங்கள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறார். இலையில் நீங்கள் வைத்த மீன் குழம்பு. சுற்றிலும் உங்கள் சொந்தபந்தம். ஊர் மொழி தெரியாது. அங்கே வயதில் பெரிய அத்தை கேட்டால் அவரால் எப்படி மாட்டேன் என்று சொல்ல முடியும்? மறுக்க வழியில்லாத இடத்தில் வாங்குகிற சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆண்கள் கேட்கிற பேச்சுக்கே இடமில்லை. நாளைக்கு அவர் உங்கள் வீட்டோடு பழகி, அத்தையிடம் அவரே "பின்னிவிடுங்கள்" என்று தலையைக் கொடுத்தால் அது வேறு. அப்போது அவர் உங்கள் வீட்டுப் பெண்.

சிலர் இதைப் படித்துவிட்டு "நம்ம பக்கம் எல்லாரும் எல்லாரையும் தொட்டுத்தான் பேசுவோம், வெளிநாட்டுக்காரர்களுக்காக மாற முடியுமா" என்பார்கள். எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. என் அம்மா தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுத்தவர். விடுமுறை நாளில் நானும் கூடப் போவேன். உப்புத் தண்ணீரும் வெயிலும் பட்டு எங்கள் முடி செம்பட்டையாக, கரகரவென்று இருக்கும். படிக்க வெளியூர் விடுதிக்குப் போனபோது அறைத் தோழிகள் அதைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். "எண்ணெயே வெக்க மாட்டியா? மீன் வாசம் அடிக்குதா பாரு" என்று மோந்துகூடப் பார்த்தார்கள். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான், சிரித்துக்கொண்டேதான் செய்தார்கள். எல்லாரும் எல்லாரையும் தொடுவதில்லை. தொடப்படுகிறவர் யார் என்று பார்த்துப் பாருங்கள். பெரும்பாலும் கறுத்தவராக, எளியவராக, தனியாக வந்தவராக இருப்பார். எனக்கு எண்ணெய் வைத்து, கடலை விட்டுத் தள்ளி இருந்ததில் முடியின் நிறம் மாறியது, பேச்சும் ஓய்ந்தது. அந்தக் கென்யாப் பெண் இந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தாலும் தோலை மாற்றிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட முடியாது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆப்பிரிக்க முகம் நமக்கு அவ்வளவு தூரத்து முகமும் இல்லை. நமக்கு எதிர்க்கரையான இலங்கையில், புத்தளம் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹலியாள் பக்கம் அதே ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த 'சித்தி' என்ற இன மக்கள் இருக்கிறார்கள். கன்னடமும் கொங்கணியும் பேசுகிற இந்தியர்கள். அவர்களையும் பஸ்ஸில் "எந்த நாடு?" என்று கேட்டுத் தலையைத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி என்ன செய்யலாம்? அத்தை வருத்தத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி மூலமாகவோ போனிலோ, "அன்னைக்குக் கேக்காம தொட்டுட்டேன் தாயி, தப்புதான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அழுதுகொண்டு, பாசத்தை நிரூபித்து, கடைசியில் அந்தப் பெண்ணே அத்தையைத் தேற்றும்படி செய்துவிட வேண்டாம். பிள்ளைகளிடம் திட்டாமல் சொல்லுங்கள்: உன் தலையைத் தெரியாதவர்கள் பிடித்து இழுத்தால் உனக்குப் பிடிக்குமா என்று கேட்டாலே ஆறு வயசுக்குப் புரியும். அக்கம்பக்கத்தார் வரும்போது நடுவில் நிற்க வேண்டியது வீட்டுக்காரர்கள்தான். விருந்தாளியே தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது. கை நீளும்போதே "அத்தே, காப்பி எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிவிட உங்களுக்குத் தெரியாதா என்ன.

அடுத்த விடுமுறைக்கு அவரை மறுபடி அழைக்க ஆசை என்கிறீர்கள். தம்பி தனியாக, வற்புறுத்தாமல் கேட்கட்டும். வர விருப்பமில்லை என்றால் ஏன் என்று துருவ வேண்டாம். வருகிறேன் என்றால் வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும் நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.