வளையல் இறுகுகிறதா? மார்பகப் புற்றுநோய் சிகிச்சை: வாசகியர் கேள்விகள்

கே: ஒன்றரை வருடத்துக்கு முன் இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். இப்போது சில வாரமாக இடது கையில் வளையல் இறுகுகிறது. வலி இல்லை. எண்ணெய் போட்டு நீவிவிட்டால் வடிந்துவிடுமா?
*- வாசகி, தஞ்சாவூர்*

நீவ வேண்டாம். நெறிகட்டிகளை எடுத்த பிறகு கையிலிருந்து நிணநீர் வடிகிற பாதை குறுகிவிடுகிறது. அழுத்தித் தேய்த்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடி, நீர் இன்னும் சேரும். இப்படி நிணநீர் தேங்கிக் கை வீங்குவதை லிம்ஃபெடிமா என்பார்கள். அறுவை சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் தலைகாட்டும்.

தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டிலும், முழங்கை மடிப்புக்குக் கீழே 10 செ.மீ., மேலே 10 செ.மீ. தூரத்திலும் இரு கைகளையும் சுற்றி அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். மாலையில் வீக்கம் கூடுவது இயல்பு. அதனால் எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். இரு கைகளுக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் வீக்கம் உறுதி என்றே எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கோ வளையலே சொல்லிவிட்டது; 2 செ.மீ. வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். ரத்தக்கட்டாலும், நோய் திரும்புவதாலும்கூடக் கை வீங்கும் என்பதால் அவர் பார்த்தாக வேண்டும். அடுத்து, இந்த வீக்கத்தைக் கையாண்டு பழகிய பிசியோதெரபிஸ்ட். தள்ளிப்போட்டால் சேர்ந்த நீர் கெட்டிப்பட்டுத் தோல் தடித்துவிடும். அப்புறம் வாரக்கணக்கில் பல அடுக்குக் கட்டு போட வேண்டியிருக்கும்.

அழுத்த உறையை (கம்ப்ரஷன் ஸ்லீவ்) குத்துமதிப்பாக வாங்கக் கூடாது. அளவெடுத்து வாங்கி, காலையில் வீக்கம் குறைவாக இருக்கும்போது மாட்டுங்கள். மேல் விளிம்பை மடித்துவிட்டால் அந்த மடிப்பே கயிறு கட்டினாற்போல் இறுக்கும். விரல்கள் வீங்க ஆரம்பித்தால் கையுறையும் சேர்த்துத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். பொதுவாக இரவில் கழற்றிவிடலாம். தோலுக்கு க்ரீம் தடவ வேண்டிய நேரமும் அதுதான். தினமும் போடுகிற உறை ஆறு மாதத்தில் தொய்ந்துவிடும், மாற்றுங்கள்.

தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தாலோ, அரிவாள்மனை கீறினாலோ உடனே சோப்பு போட்டுக் கழுவி ஆன்டிசெப்டிக் தடவுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். ஊசி, பி.பி. பார்ப்பதெல்லாம் முடிந்தவரை வலது கையில். "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்பது பழைய அறிவுரை. அரை கிலோவில் ஆரம்பித்து, பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி மெல்ல மெல்ல எடையைக் கூட்டுவது நல்லதுதான்.

கே: மாமியாருக்கு கீமோ நடக்கிறது. காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் கொடுக்கலாமா? வாய்ப்புண்ணால் சாப்பிடவும் முடியவில்லை.
*- மருமகள், சேலம்*

மாத்திரைக்கு முன் தெர்மாமீட்டர். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கீமோ தேதியை மறக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலான மருந்துகளில் ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள், கிருமியை எதிர்க்கிற வெள்ளையணு மிகவும் இறங்கியிருக்கும். முதலிலேயே பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மட்டும் அடங்கும், கிருமி உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். குழைந்த சாதம், ஆறின கஞ்சி, இட்லி இறங்கும். மிளகாயும் புளியும் கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்கட்டும்.

கே: டாமோக்சிஃபென் ஆரம்பித்ததிலிருந்து உடம்பு குப்பென்று கொதித்து வியர்க்கிறது. நிறுத்திவிடலாமா?
*- வாசகி, திருநெல்வேலி*

நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10 வருடம் போடுகிற மாத்திரை இது; நோய் திரும்புவதைத் தடுப்பதில் இதன் பங்கு பெரியது. கொதிப்பைத் தணிக்க வேறு மருந்துகள் உண்டு, கேளுங்கள். மனச்சோர்வுக்கான ஃப்ளூஆக்ஸிடின், பராக்ஸிடின் இரண்டும் டாமோக்சிஃபெனின் வேலையைக் குறைக்கும் என்பதால், வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே போக வேண்டும்.

கே: மார்பை எடுத்த இடத்தில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?
*- வாசகி, மதுரை*

காயம் ஆறும்வரை அதுதான் நல்லது. பிறகு பஞ்சு எடையில்லாமல் மேலே ஏறிவிடும். மறுபக்க மார்பு பெரிதென்றால் தோளும் கழுத்தும் வலிக்கத் தொடங்கும். காயம் நன்றாக ஆறியதும், வழக்கமாக ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குப் பிறகு, எடையுள்ள சிலிக்கான் மார்பகம் வாங்கலாம். விலை கட்டுப்படியாகாவிட்டால் பருத்தி நூலில் பின்னியதை வாங்கி, அதற்குள் எடைக்குக் கொஞ்சம் கடுகு தைத்த சிறு பை வைக்கலாம்; துவைக்கும்போது பையை எடுத்துவிடுங்கள். பிராவின் உட்புறம் மெல்லிய பருத்தித் துணியில் பாக்கெட் வைத்துத் தரச் சொன்னால் தையல்காரரே செய்துவிடுவார்.