மூன்றாவதாக வந்த குழந்தை

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதல் வகுப்பிலேயே எங்கள் ஆசிரியர் திரையில் காட்டியது தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர் சூடானில் எடுத்த புகைப்படத்தைத்தான். தரையில் தலை கவிழ்ந்து சுருண்டு கிடக்கும் குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு. காட்டிவிட்டு ஒரு கதையும் சொன்னார். 'அங்கே எத்தனை கழுகுகள் இருந்தன?' என்று கார்ட்டரிடம் ஒருவர் கேட்டாராம். 'ஒன்று' என்றாராம் கார்ட்டர். 'இல்லை, இரண்டு. இன்னொன்றின் கையில் கேமரா இருந்தது' என்றாராம் கேட்டவர். அந்தச் சொல்லைத் தாங்க முடியாமல்தான் கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார் என்று முடித்தார்.

சென்ற வாரம் கார்ட்டரையும் அவர் நண்பர்களையும் பற்றிய 'தி பேங் பேங் கிளப்' திரைப்படத்தைப் பார்த்தேன். அதில் வரும் கார்ட்டர் நான் நினைத்து வைத்திருந்த ஆள் இல்லை. சிரிக்கிறார், போதையில் கிடக்கிறார், நண்பர்கள்மேல் உயிராக இருக்கிறார். படம் முடிந்தபோது எனக்கு அவர்மேல் கோபமும் இல்லை, மரியாதையும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவர் அந்தக் குழந்தையைத் தூக்கியிருக்க வேண்டாமா? அடுத்தவர் துயரத்தைப் படமெடுத்துப் பரிசு வாங்குவது கலையா? இந்த வேலைக்குத்தான் நானும் படிக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

க., கோவை

அன்புள்ள க.,

இரண்டு கழுகுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதை நானும் மேடையில் சொன்னவன். பல வருடங்களுக்கு முன்னால், ஒரு கல்லூரி விழாவில். கடைசி வரியைச் சொல்லி நிறுத்தியதும் அரங்கம் அப்படியே அமைதியானது, அப்புறம் பலத்த கைதட்டல். இன்று அந்தக் கைதட்டலை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அப்படி ஓர் உரையாடல் நடந்ததற்கு நம்பத்தக்க பதிவு எதுவும் இல்லை. இருப்பது வேறொன்று. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வெளிவந்த ஒரு நாளிதழ், அந்த வேதனையைச் சரியான சட்டகத்தில் பிடிக்க லென்ஸைத் திருகிக்கொண்டிருந்த மனிதனும் அந்த இடத்தில் இருந்த இன்னொரு கழுகுதான் என்று எழுதியது. ஒரு பத்திரிகையின் கருத்து அது. அதுவே கைமாறிக் கைமாறி, கேள்வியும் பதிலுமாக ஆகி, தமிழ் வாட்ஸப் குழுக்கள் வரைக்கும் வந்துவிட்டது. 2020 மே மாதம், ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்தே போன தொழிலாளர்கள் பற்றிய வழக்கில், மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் உச்ச நீதிமன்றத்திலேயே இதே கதையைச் சொன்னார். நடக்கும் மக்களின் துயரத்தை எடுத்துச் சொன்னவர்களைச் சாடுவதற்காகச் சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்பவருக்குத் தான் நல்லவன் என்ற உணர்வைத் தரும் கதை இது. அதனால் யாரும் யாரையும் அடிக்க இதை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, நடந்தது என்ன? 1993 மார்ச் மாதம் கார்ட்டரும் அவருடைய நண்பர் ஜுவாவ் சில்வாவும் ஐ.நா. நிவாரண விமானத்தில் தெற்கு சூடானின் அயோட் என்ற ஊரில் போய் இறங்கினார்கள். விமானம் அங்கே நிற்கப்போவது கொஞ்ச நேரம்தான். உணவு வந்த செய்தி தெரிந்து ஊரே ஓடி வந்தது. தாய்மார்கள் குழந்தைகளைச் சற்று நேரம் தரையில் விட்டுவிட்டு மூட்டையை வாங்க முண்டினார்கள் என்று சில்வா பின்னாளில் சொன்னார். சில்வா போராளிகளைத் தேடி ஒரு பக்கம் போனார். கார்ட்டர் உணவு மையத்துக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். அங்கேதான் அந்தக் குழந்தை. அவர் குனிந்து கேமராவைச் சரிசெய்தபோது கழுகு வந்து இறங்கியது. (பிணம் தின்னும் அந்தப் பறவைக்குப் பாறு என்று அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் கழுகு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.) சுமார் இருபது நிமிடம் அவர் காத்திருந்தார், அது சிறகை விரிக்குமா என்று. விரிக்கவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொண்டு பறவையை விரட்டினார். பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார், அழுதார்.

அந்த இருபது நிமிடத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். தூக்கியிருக்க வேண்டாமா என்று கேட்டீர்கள். தூக்கியிருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். மையம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் 'அவன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான், குழந்தை செத்துவிட்டது' என்ற கதையில் அந்தச் சாவு எங்கிருந்து வந்தது? மார்ச் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் புகைப்படத்தை வெளியிட்டது. குழந்தை என்ன ஆனது என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், மார்ச் 30 அன்று ஒரு குறிப்பும் போட்டது. பறவை விரட்டப்பட்ட பிறகு குழந்தை மீண்டும் நடக்கத் தொடங்கியது, மையத்தைப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அவ்வளவுதான் குறிப்பு. அந்தத் 'தெரியாது' என்பதைச் சாவு என்று மாற்றிக்கொண்டவர்கள் நாம்தான். கதைக்கு அது தேவைப்பட்டது.

இப்போது திரைப்படத்துக்கு வருகிறேன். ஸ்டீவன் சில்வர் இயக்கி 2010இல் வந்தது. கிரெக் மரினோவிச்சும் சில்வாவும் சேர்ந்து எழுதிய நினைவுக்குறிப்பிலிருந்து எடுத்தது. அதனால் படத்தின் கண் மரினோவிச்சின் கண். டெய்லர் கிட்ஷ் நடித்த கார்ட்டர் பக்கவாட்டில்தான் வருகிறார். ஆனாலும் மனதில் நிற்பவர் அவர்தான் என்று நீங்கள் உணர்ந்தது சரி. படத்தின் முதல் பாதி எனக்குப் பிடித்திருந்தது. 1990க்கும் 1994க்கும் இடையில் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய கறுப்பினக் குடியிருப்புகளில் ஜூலு மக்களிடையே வேரூன்றிய இன்காதா கட்சியினருக்கும் மண்டேலாவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆதரவாளர்களுக்கும் நடந்த சண்டைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். கார்ட்டர், மரினோவிச், சில்வா, கென் ஊஸ்டர்புரூக் என்ற நான்கு புகைப்படக்காரர்களும் விடிவதற்கு முன்பே காரில் கிளம்பிவிடுவார்கள், ஏனென்றால் கொலைகள் விடியற்காலையில்தான் நடக்கும். அந்த ஓட்டம், குனிந்து ஓடுவது, சுவரோடு ஒட்டுவது, நடுவில் பொங்கும் சிரிப்பு, பயத்தோடு கலந்த குதூகலம், எல்லாவற்றையும் படம் மறைக்காமல் காட்டுகிறது. இந்த வேலையில் ஒரு போதை இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது.

மரினோவிச் 1990 செப்டம்பரில் அப்படியொரு குடியிருப்பான சோவெட்டோவில் எடுத்த படங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மனிதரைக் குத்தி எரித்துக் கொல்கிறார்கள். படமெடுக்காதே என்று கூட்டம் மரினோவிச்சிடம் சொல்கிறது. நீங்கள் அவரைக் கொல்வதை நிறுத்துங்கள், நான் படமெடுப்பதை நிறுத்துகிறேன் என்று பதில் சொல்கிறார். அவர்கள் நிறுத்தவில்லை. அந்தப் படங்களுக்கு 1991இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பத்திரிகைத்துறைப் பரிசான புலிட்சர் கிடைத்தது. செத்தவர் பெயர் லிண்ட்சே சபலாலா. இதே கேள்வியோடு அந்தப் படங்களையும் பாருங்கள். தடுத்துப் பார்த்தார், முடியவில்லை, படமும் எடுத்தார். எடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கொலைக்குக் கொன்றவர்களைத் தவிர யார் சாட்சி?

இரண்டாம் பாதியில் படம் எனக்குக் கை நழுவிப் போனது. வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படங்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. புகழ்பெற்ற ஒரு படைப்பை நடுவில் வைத்து, முன்னால் வந்ததெல்லாம் அதற்கு ஏணி, பின்னால் வந்ததெல்லாம் அதன் விளைவு என்று அடுக்கிவிடும். சூடான், பரிசு, பழி, சாவு என்று நேர்கோடாகப் போகிறது கதை. கார்ட்டரின் கடைசி நான்கு மாதங்கள் அப்படி இருக்கவில்லை. 1994 ஏப்ரல் 12 அன்று சூடான் புகைப்படத்துக்குப் புலிட்சர் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 18 அன்று ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த தொகோசா குடியிருப்பில் அவருடைய உயிர் நண்பர் கென் ஊஸ்டர்புரூக் சுடப்பட்டு இறந்தார், மரினோவிச் படுகாயமடைந்தார். வெயில் ஏறிவிட்டது, இனி நல்ல படம் கிடைக்காது என்று கார்ட்டர் அன்று முன்பகலிலேயே ஊருக்குத் திரும்பியிருந்தார். நண்பன் செத்த செய்தியை வானொலியில் கேட்டார். அந்தக் குண்டு தன்மேல் பாய்ந்திருக்க வேண்டும் என்று பலரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது நாளில் அவர் நாட்டின் முதல் சுதந்திரமான தேர்தல். பத்து வருடம் எதைப் படமெடுத்தாரோ அது முடிந்துவிட்டது. மே மாதம் நியூயார்க்கில் பரிசு வாங்கினார். கடன், வாடகை பாக்கி, போதைப் பழக்கம், மொசாம்பிக்கில் எடுத்த ஃபிலிம் சுருள்களை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்த அவமானம் என்று எல்லாம் சேர்ந்தன. ஜூலை 27 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 33. அவர் எழுதி வைத்த குறிப்பில் பணக் கஷ்டம் இருக்கிறது, பார்த்த பிணங்களும் பட்டினிக் குழந்தைகளும் இருக்கிறார்கள், கென் இருக்கிறார். ஒரு மனிதர் தன்னை மாய்த்துக்கொள்வதற்கு ஒற்றைக் காரணம் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். முக்கியமாக, அந்தக் காரணம் கேட்க அழகாக இருந்தால் நம்பவே நம்பாதீர்கள்.

படத்தில் இன்னொரு குறையும் உண்டு. தொகோசாவின் மக்கள் அதில் பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறார்கள். ஓடுகிறார்கள், எரிகிறார்கள், அழுகிறார்கள். நாம் பெயர் தெரிந்து பின்தொடர்வது நான்கு வெள்ளை இளைஞர்களையும் அவர்களுடைய காதல்களையும் மட்டும். புகைப்படக்காரனை மனிதனாகக் காட்ட முயலும்போது புகைப்படத்தில் இருப்பவர்கள் மறுபடியும் பின்னணி ஆகிவிடுகிறார்கள்.

எனக்கு உங்களிடம் பேச வேண்டியிருப்பது இதுதான். அந்தப் புகைப்படத்தைப் பற்றி முப்பது வருடத்துக்கும் மேலாகக் கார்ட்டர் நல்லவரா கெட்டவரா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குழந்தை யார் என்று எத்தனை பேர் கேட்டோம்? சிறுமி என்றே எல்லோரும் எழுதினார்கள். நானும் மேடையில் 'அந்தச் சிறுமி' என்றுதான் சொன்னேன். 2011இல் ஸ்பெயின் நாட்டின் எல் முண்டோ நாளிதழின் செய்தியாளர் ஒருவர் அயோட்டுக்கே போய் விசாரித்தார். அது சிறுமி அல்ல, சிறுவன். பெயர் கோங் நியோங். அந்தப் பஞ்சத்தில் அவன் சாகவில்லை. பிழைத்து, வளர்ந்து, அந்தச் செய்தியாளர் போவதற்குச் சுமார் நான்கு வருடங்களுக்கு முன்புதான் காய்ச்சலில் இறந்தான் என்று அவன் தந்தை சொன்னார்.

இதற்கான தடயம் புகைப்படத்திலேயே இருந்தது. குழந்தையின் வலது மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் 'டி3' என்று எழுதியிருக்கிறது. உணவு மையத்தில் கட்டும் பட்டை அது. கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு 'டி', துணை உணவு மட்டும் போதும் என்பவர்களுக்கு 'எஸ்'. எண், வந்த வரிசை. அந்த மையத்துக்கு மூன்றாவதாக வந்த குழந்தை அவன். அதாவது யாரும் கவனிக்காமல் வெட்டவெளியில் கைவிடப்பட்டவன் அல்ல, ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டு உணவு வாங்கிக்கொண்டிருந்தவன். அந்தப் பட்டையை நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தும் படிக்கவில்லை. கழுகையே பார்த்தேன்.

புகைப்படத்தின் கலை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது மகத்தான படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டே உருவங்கள், நடுவில் வெறும் தரை. பார்த்தவர் மறக்க முடியாது. அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. பறவை, காய்ந்த புல், குழந்தை என்று பார்க்கும்போது பட்டினி என்னவோ இயற்கையாக வந்ததுபோலத் தெரிகிறது. அயோட், வாட், கொங்கோர் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பசி முக்கோணம் என்று நிவாரணப் பணியாளர்கள் அழைத்தார்கள். 1991இல் தெற்கில் போராடிய சூடான் மக்கள் விடுதலை இயக்கம் ஜான் கராங் அணி, ரியக் மச்சார் அணி என்று உடைந்தது. இரண்டு அணிகளும் மோதிக்கொண்டதில் கால்நடைகள் கொள்ளை போயின, ஊர்கள் எரிந்தன. அந்தக் குழந்தையைச் சுருட்டிப்போட்டது போர். சட்டகத்துக்குள் ஒரு துப்பாக்கிகூட இல்லை. கார்ட்டரிடம் நான் சண்டை போடுவதாக இருந்தால் இதற்காகத்தான் போடுவேன். ஒரு விஷயத்தை இவ்வளவு எளிமையாக்கும்போது எதை வெளியே விடுகிறோம் என்ற கேள்வி, நீங்கள் கேமரா எடுக்கும் ஒவ்வொரு நாளும் வரும்.

போபாலில் 1984இல் ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்த, மண்ணில் பாதி புதைந்த குழந்தையின் முகம் நினைவிருக்கிறதா? அந்தக் குழந்தை யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அங்கே கேட்டும் பதில் கிடைக்கவில்லை. அயோட்டில் பதில் இருந்தது, போய்க் கேட்க ஒருவருக்குப் பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது.

உங்கள் ஆசிரியர்மேல் கோபப்படாதீர்கள். அவரும் யாரிடமோ கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறார், என்னைப் போல. அடுத்த வருடம் முதலாண்டு மாணவர்களுக்கு அந்தப் படத்தை அவர் திரையிடும்போது நீங்களும் போய் உட்காருங்கள். வலது கையை மட்டும் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று மாணவர்களே படிக்கட்டும்.

அன்புடன்